கானலூர்ப் பள்ளியில் மீந்த குரல்

திரு நிறைந்து பொலிக. கடலும் மலையும் காவல் நிற்கும் தண்பொழில் நாட்டின் பேரரசி நறுவீ தேவியார் திருவாய்மொழிப்படி, கல்விக் காரியம் பார்க்கும் அமைச்சன் சேந்தன் கீரன் எழுதும் ஓலை. நெய்தற்கரை காக்கும் அழிசி வேளுக்கு நலம் பெருகுக. உமது துறைகளில் கலங்கள் பழுதின்றி வந்தடைக.

கானலூர்ப் பள்ளியைப் பூட்டிவிட்டதாகவும், ஆசிரியை எயினியை ஊரைவிட்டு அனுப்ப இசைவு வேண்டுமென்றும் நீர் விடுத்த செய்தி அரசியார் செவிக்கு எட்டியது. நேரில் சென்று விசாரிக்குமாறு எம்மை ஏவினார். அறிந்ததை எழுதுகிறோம்.

எயினி அங்கு வந்தபோது பிள்ளைகள் அனைவரும் ஒரே பாடத்தை ஒரே குரலில் ஓதிக்கொண்டிருந்தனர். அருகே சென்று பார்த்தவளுக்கு, பாதிப்பேர் உதட்டை மட்டும் அசைப்பது தெரிந்தது. அன்றே கூட்டாக ஓதுவதை நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் தனித்தனியே அமரலானாள். வலைஞன் மகள் செம்பிக்கு வலைக்கண்களை எண்ணியெண்ணிக் கணக்கு வந்தது. திக்கிப் பேசும் பிள்ளைக்குப் பாட்டாகச் சொன்னதும் பாடம் நாவில் நின்றது. மந்தமென்று ஒதுக்கப்பட்டவர்கள் மழைக்காலம் முடியுமுன் தாமே வாசித்தனர்.

ஒரு நண்பகலில் பிள்ளைகள் வாய்மூடி எழுதிக்கொண்டிருக்கையில், ஆளில்லாத வடக்கு மூலையிலிருந்து முதற்பாடத்தை ஓதும் மெல்லிய குரல் எழுந்தது. மூன்றாம் அடியில் தடுக்கியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. எயினி மூலையை நோக்கித் திரும்பினாள். பிள்ளைகளோ தலை நிமிரவும் இல்லை. செம்பி சொன்னதை அவள் வாய்மொழியாகவே தருகிறோம்: “அது எப்பவும் இங்கதான் இருக்கும்மா. நாங்க போட்ட கூச்சல்ல உங்களுக்குக் கேக்கல.”

செய்தி பரவி ஊரார் திரண்டனர். “பழையபடி எல்லாரும் சேந்து சத்தமாப் படிக்கட்டும். அது கேக்காமப் போயிடும்” என்றனர்.

“கேக்காமப் போனா, இல்லாமப் போயிடுமா?” என்றாள் எயினி.

மறுநாள் அம்மூலையில் போய் அமர்ந்தாள். குரல் தடுக்குமிடம் ழகரம் என்று கண்டாள். அதட்டவில்லை, மணலைப் பரப்பி அவ்வெழுத்தைப் பெரிதாக எழுதி வைத்துக் காத்திருந்தாள். அவள் கண்ணெதிரே, எழுத்தின் வளைவுகளின்மேல் சிறுவிரல் ஓடிய தடம் மெல்ல விழுந்தது. மணல் அங்கு ஈரமாயிற்று.

அவ்வாறே பல நாள் கற்பித்தாள். ஒரு காலையில் குரல் மூன்றாம் அடியைக் கடந்து பாடத்தை முடித்தது. பிள்ளை சிரிப்பது போன்றதோர் ஒலி எழுந்தது. பின் மூலை அடங்கிற்று. எயினி வாய்விட்டு அழுதாள்.

அந்த அமைதியில்தான் மற்றவை கேட்டன. சுவரோரம் ஒன்று, விட்டத்தின் மேல் ஒன்று, வாசற்படிக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு அடியில் தடுக்கித் தடுக்கி ஓதியது. அது கேட்டு அஞ்சியே உம்முடைய காவலர் கதவைப் பூட்டினர்.

அப்பூட்டிய கதவில் யாமே செவி வைத்தோம். உள்ளே ஓதல் சட்டென நின்றது. மரத்துக்கு அப்பால், எம் செவிக்கு நேரே, ஒரு குரல் கேட்டது: “எங்க முறை எப்ப வரும் ஐயா?”

ஆதலின் அரசியார் ஆணை இது: ஓலை கண்ட அளவிலே பூட்டைத் திறப்பீராக, எயினியை அவ்விடத்திலேயே நிறுத்துவீராக. இனி இந்நாட்டின் எப்பள்ளியிலும் பிள்ளைகளைக் கூட்டமாக ஓதவிட்டுக் கைகழுவுதல் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் கற்க, ஆசிரியர் அருகிருந்து கேட்பாராக. எயினிக்குத் துணையாக ஆசிரியர் இருவரை இவ்வோலையுடன் அனுப்பினோம். அவர்கள் உயிரோடுள்ள பிள்ளைகளுக்காக வருபவர் அல்லர்.

சங்கு முத்திரை இட்டோம். தடையின்றி நடந்தேறுக.