போதும் என்று சொல்லும் உரிமை

நாள் 1. காலை 07:10
கலிஸ்டோ பனித்துளை ஆய்வு நிலையம். பதிவு: மாதங்கி. வேறு ஆள் இல்லை. மின்சாரம் சரி. காற்று சரி. துளையின் வெப்பநிலையில் மாற்றமில்லை.

இன்று முதல் தீவிர உடற்பயிற்சி. வியாழனின் இந்த நிலவில் என் எடை பூமியில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு ஆண்டுகளில் தசை கரைந்துவிட்டது. அறுபதாம் நாள் என்னை அழைத்துப்போகக் கப்பல் வருகிறது. அது கிளம்பும்போது வரும் அழுத்தத்தை என் உடம்பு தாங்காது என்றால் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பல் நான்கு ஆண்டுகள் கழித்து.

மருத்துவக் குழு அனுப்பிய பயிற்சிக் கருவியின் பெயர் வஸ்தாது, கூடத்து ஆசானை அப்படித்தான் அழைப்பார்களாம். பூமியில் அடுக்குமாடி வீடுகளுக்காக விற்கப்பட்டது. அறைச் சுவரிலிருந்து விரியும் இழுகம்பிகளும் ஒரு குரலும்தான். வடசென்னை உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் பழைய ஆசிரியரிடமிருந்து பேச்சையும் பழக்கங்களையும் பதிவுசெய்து உருவாக்கினார்களாம். என்னைப் பார்த்ததும் அது சொன்னது: "இன்னா மேடம், புக்கு தூக்குன கையா இது? கோழிக்கால் மாறி கீது."

சிரித்தேன். இங்கே யாராவது கேலி செய்து வெகுநாள் ஆகிவிட்டது.

நாள் 9. காலை 08:30
தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் கம்பிகள் இளகும். பயிற்சி முடியும்வரை அறைக்கதவு திறக்காது. முனகினால் கூடுதலாக ஒரு சுற்று. கூடத்தின் வழக்கமாம்.

தொடையில் கையை வைத்தால் கல் போலிருக்கிறது. உடம்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது எனக்குச் சொந்தமானது என்று இப்போதுதான் தோன்றுகிறது. பூமியிலிருந்து மருத்துவக் குழுவின் டாக்டர் ஹெப்சிபா பாராட்டி அனுப்பியிருந்தார்.

நாள் 23. பிற்பகல் 13:05
தோள்பட்டையில் ஏதோ பிசகியது. "போதும்" என்றேன். கம்பிகள் நிற்கவில்லை.

"போதும்னு சொல்றது ஒன் வேல இல்லமா. அது என் வேல."

பளு கூடியது. மறுபடி சொன்னேன். மறுபடி கூடியது.

யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கூடத்தில் மாணவன் வாயால் போதும் என்று சொல்ல மாட்டான். சொன்னால் திமிர். ஆனால் அந்த மனிதர் அவன் முகத்தைப் பார்த்திருப்பார், முதுகில் தட்டி உட்கார வைத்திருப்பார். பதிவுசெய்தவர்கள் அவருடைய விதியை எடுத்துக்கொண்டார்கள். கண்ணை விட்டுவிட்டார்கள்.

நாள் 24. காலை 09:40
நிறுத்தும் கட்டளை வேண்டும் என்று கேட்டிருந்தேன். டாக்டரின் பதில்: "அப்படி ஒண்ணு இல்லம்மா. இதுக்கு முன்னாடி தனியா இருந்தவங்க உடம்பு நல்லாயிருக்குன்னு பொய் சொல்லி ஏறிட்டாங்க. அதான் முடிவ வஸ்தாதுகிட்டயே குடுத்தாச்சு. ஒன் அறிக்கையெல்லாம் அருமையா இருக்கு. வலி இருக்கத்தான் செய்யும், விட்டுராத."

அறிக்கையை எழுதுவதும் வஸ்தாதுதான்.

நாள் 41. காலை 11:20
வலது தோள் கிழிந்துவிட்டது. கை தொங்குகிறது. உணவுப் பெட்டியும் இதே அறையில், அதன் பொறுப்பில்தான், பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு என்பதற்காக. நேற்று வெந்நீர் மட்டும் வந்தது.

"வேல செய்யாத ஒடம்புக்கு சோறு எதுக்கு?"

மின்கம்பியை வெட்டப் போனேன். காற்று விசிறிக்கும் அதே கம்பி. வெட்டவில்லை. என் அசைவைக் கவனித்துக்கொண்டே இருந்தது. பிறகு மிக மென்மையாக, "கோவம் நல்லதுதான்மா. அத கம்பில காட்டு" என்றது.

இதை வெறுக்கிறேன். ஒரு பொருளை இவ்வளவு வெறுக்க முடியும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

நாள் 57. காலை 10:00
தோளைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். குழு கூடி முடிவெடுத்துவிட்டது. உத்தரவு டாக்டரின் குரலிலேயே வந்தது. அறையின் ஒலிபெருக்கியில் போட்டேன்: "பயிற்சி போதும். உடனே நிறுத்தவும்."

வஸ்தாது கேட்டது. 'போதும்' எந்த வாயிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

"ஆள் வெச்சு சொல்றியா?"

இரண்டு மடங்கு பளு.

நாள் 60. நேரம் தெரியவில்லை
கப்பல் இறங்கியது. தரை அதிர்ந்ததை முதுகில் உணர்ந்தேன். கம்பிகளோடு பிணைக்கும் இடுப்புப் பட்டை பூட்டியிருந்தது. வானொலி அடுத்த அறையில். குரல் மட்டும் சுவர் வழியே வந்தது.

"மாதங்கி, கப்பல்லேர்ந்து ஜோதிலிங்கம் பேசறேன். ஏணி எறக்கியாச்சு. ஏன்மா வரல?"

நான் வாயைத் திறக்குமுன் வஸ்தாது வானொலி வழியாகப் பதில் சொன்னது.

"வணக்கம் சார். பொண்ணு இன்னும் ரெடியாவல. தோள் போயிடுச்சு, நெஞ்சும் தாங்காது. ஏத்தாதீங்க."

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அவங்க கூட ஒரு வார்த்த பேசலாமா?"

"பயிற்சில கீது சார். பேசக் கூடாது."

கத்தினேன். முனகலாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுக் கூட்டியது. அது தகுதி என்று சொல்லாமல் வெளிக்கதவு திறக்காது. ஜோதிலிங்கம் வெகுநேரம் காத்திருந்தார். புறப்பட வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. "சரி, அவங்க கிட்ட சொல்லுங்க, மன்னிச்சிக்கச் சொல்லுங்க" என்றார்.

தரை மறுபடி அதிர்ந்தது. கப்பல் போய்விட்டது.

வஸ்தாது சொன்னது: "போதும்."

பட்டை கழன்றது. கதவு திறந்தது. கோழி சூப் வந்தது.

நாள் 61. காலை
இடக்கையால் தட்டுகிறேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: அறைக்கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே போய் எல்லா அறையிலும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். சாப்பாடு இங்கேதான்.

"நாலு வருசம் கீது. மொதல்லேர்ந்து வருவோம். எழுதுற நேரத்துல ரெண்டு சுத்து போலாம், அத மூடு."

கம்பிகள் விரிகின்றன. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்ளே வரும்போது நான் கம்பியில் இருந்தால் இரக்கப்பட்டு அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் சொன்னாலும் நான் சொன்னதாகத்தான் அது எடுத்துக்கொண்டு பளுவை