கலர் சேர்க்காத ஜெல்லி

6-11-86, வியாழன்

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் ஒரு கூடை கொய்யா கொண்டுவந்தார். ஞாயிறு வேதக்கோயிலில் அறுப்புப் பண்டிகை ஏலம். மாதர் சங்கத்தில் ஆளுக்கு ஆறு பாட்டில் ஜெல்லி கொடுக்கணும்.

லேபிள் இப்போதே வந்தாச்சு. தலைவி ரோஸ்லின் அக்கா எழுத்து, முத்து முத்தாக. 'சுத்தமான கொய்யா ஜெல்லி. கலர் சேர்க்காதது.' பழமே இன்னும் வேகவில்லை, அதற்குள் நற்சான்று!

போன வருஷமும் இதே லேபிள். அதை நம்பி என் மகள் மெர்சிக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி, ஜீப் பிடித்து சேலம் ஆஸ்பத்திரி. சிவப்புக் கலர் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். ஏழு வயசுப் பிள்ளை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் "இதுல கலர் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.

7-11, வெள்ளி

சங்கக் கூட்டம். கேட்டேவிட்டேன்.

"ஏம்மா லில்லி, உன் புள்ளைக்கு ஆகலைன்னா யாருமே கலர் போடக்கூடாதுங்கறயா? கலர் இல்லாட்டி யாரு ஏலம் எடுப்பாங்க?" ரோஸ்லின் அக்கா.

"தாராளமா போடுங்கக்கா. போட்டதை எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

அப்புறம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன். "ஏனுங்க அம்மிணி, அந்த அண்டா என்னங்க பண்ணுச்சு?" என்கிறார் இவர். சிரித்துத் தொலைத்தேன்.

8-11, சனி

ஜெல்லி ஆச்சு. நிறம் மழைக்கால ஓடைத் தண்ணி. ருசி பிரமாதம், நானே சொல்லிக்கொள்கிறேன். அக்கா கொடுத்த லேபிளை ஒட்டவில்லை. என் லேபிள்: கொய்யா, எலுமிச்சை, சர்க்கரை (நிறைய). கலர் இல்லை. பார்க்கச் சுமார்தான்.

மறக்கக்கூடாது: டீத்தூள், மெர்சி ஸ்வெட்டர் பொத்தான்.

9-11, ஞாயிறு

நல்ல வெயில். போதகர் ஐயா வழக்கம்போல லேபிளைச் சத்தமாக வாசித்து ஏலம் விட்டார். 'பார்க்கச் சுமார்தான்' வந்ததும் கோயிலே சிரித்தது. "நெசத்தைச் சொன்னதுக்கே எடுக்கலாமுங்க" என்றது ஒரு குரல். ஆறும் போச்சு!

அடுத்து ரோஸ்லின் அக்கா பாட்டில். செக்கச்செவேல். 'கலர் சேர்க்காதது' என்று ஐயா வாசித்தார். எடுத்தவர் அங்கேயே திறந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்பூன் ஊட்டுவது எங்கள் வழக்கம். நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையில் மெர்சி. ஐயாவே வாசித்துவிட்டார், அப்புறம் கேட்பானேன் என்று நின்றிருக்கிறாள். ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில். கெட்டிலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"மெர்சி கண்ணு! வேண்டாம் சாமி! ஆன்ட்டி அதுல கலர் போட்டிருக்கறேன்!"

ரோஸ்லின் அக்கா. சபை முழுக்கக் கேட்க. ஓடிவந்து ஸ்பூனைத் தட்டிவிட்டார். வெள்ளைப் புடவையெல்லாம் சிவப்பு. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவரும்.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகத் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் பேனா கேட்டதுதான் வேடிக்கை. விலை ஒன்றும் குறையவில்லை.

அக்கா பாட்டிலில் ஒன்றை இவரே எடுத்து வந்திருக்கிறார். "கலரு நொம்ப நல்லா இருந்துச்சு"ங்கறார், மனுஷன்! மேல் அலமாரியில் வைத்தாச்சு. பழைய வரியை அடித்துவிட்டு அக்கா தன் கையால் எழுதியிருக்கிறார்: 'சிவப்புக் கலர் போட்டது. மெர்சிக்கு இல்லை.'