அக்கார்டியன்காரியின் அப்பா

மரியே வாழ்க

காரைக்கால்
நவம்பர் 16, ஞாயிறு

அன்பு மகள் ஜெர்லினுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் நல்ல சுகம், ஜெர்மனியின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்றுகூட போனில் முகம் பார்த்துப் பேசினோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால்தான். முதலில் ஊர் நிலவரம். மூன்று நாள் மழை விடாமல் அடித்தது, நெடுங்காட்டில் சித்தப்பா வயலில் தண்ணீர் ஏறி நேற்றுதான் வடிந்தது, சம்பாப் பயிர் தப்பித்துக்கொண்டது. கிளிஞ்சல்மேட்டில் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, ஆகவே மீன்கார கல்யாணசுந்தரி இந்தப் பக்கமே வரவில்லை, அம்மா முட்டைக் குழம்பை வைத்து ஒப்பேற்றுகிறாள். முழங்கால் வலி அவளுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று இசைக் கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களாகத் தேடித்தேடி டிவியில் சேர்த்துவைத்துவிட்டுப் போனாயே, அதில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் எதிர்வீட்டு மீரா சாகிப் வந்துவிடுவார், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு அவருக்கும் பொழுது போக வேண்டுமே. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் பியானோ மேதை ஆன கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதை இரண்டு முறை பார்த்தேன். கண் தெரியாத சாரங்கிக்காரர் படத்தில் அம்மா அழுதே விட்டாள். எல்லாப் படமும் ஒரே ரோட்டில்தான் போகிறது, வறுமை, வாத்தியார், பேரும் புகழும், அப்புறம் குடி, அப்புறம் ஆஸ்பத்திரி என்று சாகிப் கேலி செய்வார். நான் கதையைவிட விரலைத்தான் பார்ப்பேன், நடிகருடைய விரலும் வருகிற சத்தமும் பொருந்துகிறதா என்று. எட்டு வயதிலிருந்து நீ வயலின் வாசித்ததைப் பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே, பொய் விரல் என்றால் சட்டென்று தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கார்டியன் வாசிக்கும் ஒரு பெண்ணின் படம் போட்டோம். மலைக்கிராமத்துப் பெண், பெரிய ஊரில் இருக்கிற இசைப்பள்ளிக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுடைய அப்பா தெருவிலேயே தபால்காரரை மறித்துக் கடிதத்தை வாங்கிப் பிரித்துப் படித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறார். வந்ததா அப்பா என்று அவள் கேட்கிறாள். ஒன்றும் வரவில்லை என்கிறார். சாகிப் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “படுபாவி! பெத்த புள்ளைக்கே இப்படிச் செய்வானா ஒருத்தன்?” என்று கத்தினார். நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன், தலை வலிக்கிறது, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

ஜெர்லின், சென்னை இசைக் கல்லூரியிலிருந்து உனக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். உனக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சொன்னேன். அப்புறம் நர்சிங்கில் சேர்த்துவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் உண்மை. அந்தப் படிப்புக்குப் போனால் எனக்குத் தெரியாத உலகத்துக்குள் போய்விடுவாய், என் பேச்சு உனக்குப் பெரிதாகத் தெரியாது என்று பயந்தேன். மிச்சப் பாதி அதுதான்.

சாகிப் போனதும் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியுங்க” என்றாள். “அவளுக்கும் தெரியும். நர்சிங் சேந்த வருசமே அடுத்த தடவ எழுதலாமான்னு அந்தக் காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கா. எடம் குடுத்து லெட்டர் அனுப்புனோமே, நீதானம்மா வரலன்னு சொல்லிருக்காங்க. நான் ஆஸ்டலுக்குப் பாக்கப் போனப்ப சொல்லி அழுதா” என்றாள். அப்போதே நீ ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். “நான் கேக்கறேன்னுதான் கெளம்புனேன். அவதான் கையப் புடிச்சுக்கிட்டா. கேட்டா அப்பா பொய் சொல்லிருவாங்கம்மா, அத நான் பாக்க வேணாம்னு சொன்னா.”

அன்றைக்கு மதியம் முழுவதும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை எனக்காக அப்படி யோசித்திருக்கிறாய். அதற்குப் பிறகு எத்தனை கிறிஸ்துமஸுக்கு வந்தாய், எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாய், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே. ஒருவேளை நான் பார்க்க வேண்டுமென்றுதான் அந்தப் படத்தைச் சேர்த்து வைத்தாளோ என்று அம்மாவிடம் கேட்டேன். “ஒங்களுக்குப் புடிக்கும்னு போட்டா, அவ்ளோதான். எல்லாத்துலயும் ஒங்களையே நடுவுல வச்சுப் பாக்காதீங்க” என்று ஒரு போடு போட்டாள், அதுவும் சரிதான்.

அடுத்த வாரம் சாகிப்பிடமும் சொன்னேன். படுபாவி என்று சொன்னவர் அவர், அவரிடம் மறைத்தால் நியாயமில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டே, “சரி, போடுங்க யேசுராஜ், அந்த அப்பன் கடசீல என்னா ஆனான்னு பாத்துருவோம்” என்றார். பார்த்தோம். அவள் பெரிய ஆளாகி ஊர் ஊராக வாசிக்கிறாள், அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே செத்துப்போகிறார். படம் முடிந்ததும் சாகிப், “நீங்க நல்லா கல்லு மாதிரி இருக்கீங்க, ஒக்காந்து எழுதுங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். எழுதிவிட்டேன் மகளே. அப்பா செய்தது தப்பு. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், கிழித்துப்போட எனக்கு எந்தக் காலத்திலும் மனம் வரவில்லை. உன் பெயருக்கு வந்தது, உன்னிடம் இருக்கட்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அம்மா தன் போனைத் திறந்து காட்டினாள். அங்கே கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ வயலின் வாசிக்கிறாயாமே, மாப்பிள்ளை அனுப்பிய வீடியோ பதினொன்று இருந்தது. எனக்குக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்றாவதில் ஓரிடத்தில் தப்பு விட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி பிடித்தாய், அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். மனசு இப்போது லேசாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இறங்குகிறது, அம்மாவும் முன்னைவிட அதிகமாக என்னோடு சண்டை போடுகிறாள்.

நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன் அல்லவா, போன வாரம் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஈஸ்டருக்கு வரலாம் என்று இருக்கிறோம், நீ வரச் சொன்னால். நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். தேவன் உங்கள் இரண்டு பேரையும் கண்ணின் மணி போலக் காக்கட்டும். நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் ஒன்று, ஈஸ்டர் பூசையில் நீ எந்தப் பக்கம் நின்று வாசிப்பாய் என்று கேட்டு எழுது, உன் விரல் தெரிகிற பக்கமாக நான் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. யேசுராஜ்