வெள்ளத்தில் ஒரு படகு

மார்ச் 3, செவ்வாய். மூவார்
காலையிலிருந்து மழை. தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைச் சரிபார்க்கும் அதே வேலை. மதியம் மின்னஞ்சல்: நான் விண்ணப்பித்திருந்த, ஜொகூர் பாருவில் கைப்பேசி கேம் தயாரிக்கும் நிறுவனம், திங்கட்கிழமை நேர்முகம். நான் செய்த கேமைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கழிவறைக்குள் நின்று மறுபடி படித்தேன். முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு அழைப்பு.
வாங்க: முட்டை, சவர்க்காரம், குடை.

மார்ச் 5, வியாழன்
கணவர் மோகனிடம் கைப்பேசியைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். வெள்ளம் சூழ்ந்த தோட்டக் குடியிருப்பு. வீடு வீடாகப் போய் ஆட்களைப் படகில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் கேம். முதல் வளைவிலேயே கவிழ்ந்தார். மறுபடி. மறுபடி. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.
"முடியலலா. எங்க இடிக்குதுன்னே தெரியல."
கோபம். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. தண்ணீருக்கடியில் பாறை இருப்பது எனக்குத் தெரியும், வைத்தவள் நான். அவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 7, சனி
நல்ல வெயில். துணி காய்ந்தது. பாறைக்கு முன்னால் சுழல் வைத்தாயிற்று, இரைச்சலும். மோகன் மறுபடி உட்கார்ந்தார். வாய் திறக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். வளைவைத் தாண்டிவிட்டார்! கூரைமேல் சும்மா அழகுக்கு வைத்த நாயைப் பார்த்துப் படகை நிறுத்தினார்.
"இத விட்டுட்டா போறது?"
நாளை ஞாயிறு முழுக்க, நாயையும் படகில் ஏற்றும்படி கேமை மாற்றும் வேலை.

மார்ச் 9, திங்கள்
பசியாறாமலே பஸ் ஏறினேன். குழுத் தலைவி ஐடா என்னைவிட இளையவர். விளையாடினார், கவிழ்ந்தார், சிரித்தார், திரும்ப ஆரம்பித்தார். நாயை ஏற்றிய பிறகுதான் நிமிர்ந்தார். நிரல் எழுதியிருக்கும் விதம் மோசம், நிரலாளர் வேலைக்கு எடுக்க முடியாது என்று மலாய் மொழியில் நேராகவே சொன்னார். முகம் சுட்டது. ஆனால் காட்சிகளை வடிவமைக்கப் பயிற்சிப் பணியாளர் தேவையாம். கூட இருப்பவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்றேன். யோசிக்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்
வேலை உறுதி. வார நாட்களில் அங்கேயே வாடகை அறை, சனி ஞாயிறு இங்கே. சொன்னதும் மோகன் விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்துவிட்டுக் கேட்டார்.
"வேணாம்னு சொன்னா நின்னுருவியா?"
"மாட்டேன். ஆனா நீங்க சரின்னு சொன்னா நல்லா இருக்கும்."
துணியை உதறிக் காயப்போட்டார்.
"சன்னல் இருக்கிற ரூமா பாரு."
நாளைக் காலை முதல் வேலையாக ராஜினாமா.