சிவப்புக் கொடி நம் வலைக் கொடி இல்லை

ஹேமந்த் அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து நாம் பேசிக்கொள்வதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். வீட்டுச் சாவி ஒன்றை என் தங்கை வினிதாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். நம்மைப் பாலித் தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போக மாலையில் நாவலூரிலிருந்து பிள்ளை காரோடு வந்துவிடுவான். சட்டியில் சங்கரா மீன் குழம்பு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு பிரஷர் மாத்திரை போடு.

மாத்திரையையெல்லாம் அட்டையிலிருந்து உரித்துத் தூண்டில் முள் டப்பாவில் கொட்டியிருக்கிறாய். பாலி ஏர்போர்ட்டில் கேட்டால் மீனுக்குக் காய்ச்சல் என்பாயா? புது அட்டை வாங்கி, டாக்டர் சீட்டோடு உன் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

"கடல்ல பொறந்தவனுக்கு இன்னாத்துக்குடா லைஃப் ஜாக்கெட்டு?" என்று நேற்று பிள்ளையிடம் கத்தினாயே, அங்கே படகில் ஏறினால் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆரஞ்சு நிறம் உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

அங்கே கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் கடலில் இறங்கக் கூடாதாம். வலை கிடக்கும் இடம் தெரிய நாம் கட்டுகிற கொடி என்று நினைத்து நீ பாட்டுக்கு நீந்திப் போய்விடாதே.

ஆதியம்மாள்

அடியில் இடம் இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் நம் தேவனேரிக் கடலுக்கு உன்னைத் தெரியும். அந்தக் கடலுக்கு நீ யாரென்றே தெரியாது. பின்னாலேயே வந்து இழுத்து வர எனக்கு நீந்தவும் தெரியாது.