திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

காலையில் முதல் வேலையாக இன்னொருத்தியின் மருத்துவ அறிக்கையைப் படித்தேன். பல்கூடத் துலக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா போனை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "இங்கிலீசுல இருக்கு. மவன்ட்ட காட்ட முடியுமாம்மா இத?" மார்பில் இருந்த கட்டிக்கு எடுத்த சோதனை. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டாள். நல்ல செய்திதான். ஆனால் அது எனக்குத் தெரிந்துவிட்டதே.

அப்போதிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போட்ட காபி ஆறிக்கிடக்கிறது. அப்படித் திருப்பிக்கொள்ளும் முகத்தை நான் முதலில் அறிந்தது, தோழி, உன் வழியாகத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. நாம் பொறியியல் முடித்திருந்தோம். நம் ஊர் ஏரலில் உன் அப்பாவின் டெலிபோன் பூத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெண்கள் சொல்லச் சொல்ல, வளைகுடாவில் இருந்த அவர்கள் கணவர்களுக்கு நீ மின்னஞ்சல் அடித்து அனுப்புவாய். ஒருநாள் என்னிடம் ஓடிவந்தாய். "ஏட்டி, நேத்து அழுதுக்கிட்டே ஒருத்தி சொன்னால்லா, இன்னைக்குக் கடைத்தெருவுல என்னப் பாத்ததும் எதிர்ச்சாரிக்குப் போயிட்டா. இனி அவளே அடிக்கணும். நமக்கு ஒண்ணும் தெரியக் கூடாது."

சென்னையில் கிடைத்திருந்த வேலையை வேண்டாமென்றாய். உன் அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. திரையில் தமிழ் எழுத்துகளைப் பரப்பி, மவுஸால் தொட்டால் கடிதத்தில் விழும்படி நீ நிரல் எழுதினாய். அனுப்பியதும் கடிதம் அழிந்துபோகும் பகுதியை நான் எழுதினேன். கம்ப்யூட்டரைச் சுற்றித் திரைச்சீலை கட்டினாய்.

பக்கத்துக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நாடகக் கொட்டகையா வைக்கிய?"

"ஆமா அண்ணாச்சி, ஆனா டிக்கெட் கெடையாது. யாரும் பாக்க முடியாது!"

பிறகு நான் சென்னை வேலைக்குப் போனேன், நீ அங்கேயே கடையை நடத்தினாய். வெகுகாலம் கழித்து ஒரு கல்லூரியில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பெண்கள் ஏன் தொழில் தொடங்க வேண்டும் என்று கேட்டார்கள். சாதனை, சொந்தக்கால் என்று ஏதாவது சொல்வாய் என எதிர்பார்த்தார்கள். "ஒருத்தி எதிர்ச்சாரிக்குப் போனா. எனக்குத் தாங்கல," என்றாய். மாணவிகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

நீ இறந்துபோன பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இத்தனை வருடம் யார் யாருக்கோ நிரல் எழுதிவிட்டேன். இந்த மாதத்தோடு வேலையை விடுகிறேன். மருத்துவ அறிக்கையில் இருப்பதை, செண்பகம் அக்காவுக்குப் புரியும் தமிழில், அவள் காதுக்கு மட்டும் சொல்லும் செயலி ஒன்றைச் செய்யப் போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

அடுத்த அறிக்கை வரும்போது செண்பகம் அக்கா என் வாசலில் வந்து நிற்கக் கூடாது.