பொன்னுரங்கத்தின் பெயர் உள்ள பக்கம்

திருவொற்றியூர்,
4.9.2003

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் உன்னோடும், நீ பார்த்துக்கொள்கிற ரிவ்கா அம்மாளோடும் இருக்கட்டும். யாருக்குக் கடிதம் எழுதினாலும் இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன். இன்றைக்குச் சமாதானம் என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அதற்குக் காரணம் நீதான்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையத்துக் காற்று ஒரு வாரமாக இந்தப் பக்கம் திரும்பிவிட்டதால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். நான் இன்னும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். லாரி நம்பர் எழுதுகிற வேலை, உடம்புக்குக் கஷ்டம் இல்லை. எருசலேமில் மகள் இருக்கிறாள் என்று உன் அம்மாவுக்கு ஆலயத்தில் ஏக மரியாதை. யோர்தான் தண்ணீர் வாங்கித் தருகிறேன் என்று பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். நீ அங்கே ஒரு கிழவிக்குப் பீத்துணி மாற்றுகிறாய் என்பதை மட்டும் உன் அம்மா யாரிடமும் சொல்வதில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். செவ்வாய்தோறும் மீன் கொண்டுவருகிற பச்சையம்மா அந்த நேரம் கூடையை இறக்கிவிட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் முழுக்கக் கேட்டாள்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ரிவ்கா அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சோதனைச் சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறாய். அங்கே அவளைப்போல நாலைந்து யூதக் கிழவிகள் நின்று, சிப்பாய்கள் பாலஸ்தீன ஜனங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதி வைக்கிறார்கள். அன்றைக்கு நாசர் என்கிற கொத்தனார் வரிசையில் வந்தான். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டு என்றார்கள். தூக்கினான். சுட்டுவிட்டார்கள். கத்தியை எடுத்தான், அதனால் சுட்டோம் என்கிறார்கள். ரிவ்கா அம்மாளுக்குக் கண்ணில் புரை. மற்றக் கிழவிகள் வேறு பக்கம் நின்றார்கள். பார்த்தது நீ ஒருத்திதான். இரண்டு கையாலும் சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தவன் எந்தக் கையால் கத்தியை எடுப்பான் என்று கேட்டு எழுதியிருக்கிறாய்.

வருகிற இருபதாம் தேதி வக்கீல் முன்னால் வாக்குமூலம். கொடுத்தால் உன்னை ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று கிழவியின் மகன் மிரட்டுகிறான். உன் விசா அவன் கையெழுத்தில் இருக்கிறது. சொந்தப் பேரனையே பஸ் குண்டில் பறிகொடுத்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று அம்மா கேட்டாள். அதற்குப் பதிலும் நீயே எழுதியிருந்தாய். என் பேரனைக் கொன்றதும் கொலை, இதுவும் கொலை, செத்தவன் எப்படிச் செத்தான் என்று இரண்டு பக்கமும் முதலில் ஒத்துக்கொள்ளட்டும், சமாதானத்தை அப்புறம் பேசலாம் என்றாளாமே. பெரிய மனுஷிதான். ஆனால் அவளை யாரும் நாடு கடத்த மாட்டார்கள்.

கடைசியில் என்னைக் கேட்டிருக்கிறாய். பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே வளர்த்தீர்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று. சரி மக்களே, சொல்கிறேன். போகாதே. கிழவிக்குப் போர்வை சரி செய்துகொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல். உன் ஒரு வாய் திறந்தால் அங்கே நூறு வருஷச் சண்டை நின்றுவிடுமா? செத்தவன் எழுந்து வருவானா? அவன் உனக்கு என்ன, மாமனா மச்சானா?

நீ இதைக் கேட்க மாட்டாய் என்று தெரியும். பிடிவாதம் உன் அம்மா வழி. அதனால் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் பூத்தில் அவள் என் தோளை ஒட்டி நிற்பாள்.

பச்சையம்மாவின் புருஷன் எப்படிச் செத்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். குடித்துவிட்டு கிரேனுக்குக் கீழே போய் நின்றான் என்று. அது எண்பத்தைந்தில், ராயபுரத்தில் நம் முதலாளியின் பழைய இரும்பு யார்டில். நான் அங்கே மேஸ்திரி. அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்.

பொன்னுரங்கம் அன்று குடிக்கவில்லை. அவன் என்றைக்குமே குடித்ததில்லை. வியாசர்பாடியில் புத்தர் கோயிலில் சத்தியம் செய்தவன், பண்டிகைக்குக்கூடத் தொட மாட்டான். கிரேனை ஓட்டியது முதலாளியின் மைத்துனன். ஓட்டத் தெரியாது, ஆசைக்கு ஏறினான். இரும்புத் தகட்டுக் கட்டை இறக்கு என்று நான் கை காட்டவே இல்லை. மைத்துனன் இறக்கினான். கொக்கியைக் கழற்றக் கீழே நின்ற பொன்னுரங்கம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டுகிறவனைப் பார்த்துத்தானே கீழே இருப்பவன் விலகுவான்.

கட்டு அவன்மேல் விழுந்த பிறகு நான் வெளியே போனது உண்மை. டீக்கு அல்ல. முதலாளி அனுப்பினார், சாராயக் கடைக்கு. ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். அதை அவன் சட்டையில் ஊற்றினார்கள். ஊற்றும்போது அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தது நான். மூச்சு இருந்தது, மக்களே.

அடுத்த வாரம் பச்சையம்மா யார்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். சமாதானமாகப் போய்விடு தாயி என்று அவளைப் பேசிக் கூட்டிப் போனவனும் நான்தான். அப்போது உனக்கு மூன்று வயது. உன் பள்ளிக்கூடம், நர்ஸ் படிப்பு எல்லாம் முதலாளி பார்த்துக்கொண்டார். அவருக்கு இரக்கம் பொங்கி வழிந்தது என்றா நினைத்தாய்? நீ நாடித்துடிப்பு பார்க்கிற அந்தக் கை அந்தப் பாட்டிலில் வளர்ந்த கை. என்னைப் பார்த்து நல்லவளாக வளர்ந்தேன் என்று இனி எழுதாதே. நான் வாயை மூடியதால்தான் நீ அங்கே இருக்கிறாய். நீயும் மூடு. நம் குடும்பத்துக்கு அது வரும்.

பாவம் என்கிறாயா? பதினெட்டு வருஷமாக ஆலயத்துக்குப் போகிறேன், வானம் இடிந்து விழவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மீன்குழம்பு எனக்கு இறங்குவதில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது இதை எழுதும்போதும் பச்சையம்மா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உனக்குப் பதில் எழுதுகிறேன் என்று தெரிந்து, இன்று வியாழக்கிழமை என்றும் பாராமல் எம்.கே.பி. நகரிலிருந்து அதற்கென்றே வந்தாள். தான் சொல்வதை நாலு வரி சேர்த்து எழுத வேண்டுமாம். பாப்பா பாத்தத பாத்தேன்னு சொல்லிட்டு வரட்டும் மேஸ்திரி, செத்தவனைப் பெத்த தாயாவது தெரிஞ்சிக்கினு சாவட்டும், என் ஊட்டுக்காரு விசயத்துல பாத்த கண்ணு ஒண்ணுகூட இல்லாம பூட்ச்சே, நீ மட்டும் டீ குடிக்கப் போவாம இருந்திருந்தா சொல்லியிருப்ப இல்ல என்றாள். சொல்லியிருப்பேன் என்றேன். எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அதை எழுதப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதிவிட்டேன். நீ படிக்காதது போல விட்டுவிடு.

வெயிலில் சுற்றாதே. குளிர் வருமுன் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள். பஸ்ஸில் ஏறாதே. அந்தச் சாவடிப் பக்கம் இனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகாதே. கர்த்தர் உன் கண்களையும் வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
வெள்ளத்துரை

பி.கு. எழுதி முடித்ததும் பச்சையம்மா கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கொடுத்தால் என்ன என்று கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, இது அவுரு பேரு தானே என்றாள். எத்தனை வருஷம் மனு தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள். அந்த ஒரு பெயரின் உருவம் மட்டும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. இன்னா எழுதிக் கீற, படி என்றாள்.

படித்தேன். பொன்னுரங்கத்தின் சம்சாரம் பச்சையம்மா உனக்கு ஆசீர்வாதம் சொன்னாள் என்று வாசித்தேன். அவள் விரல், பொன்னுரங்கம் அன்று குடிக்கவில்லை என்கிற வரியின் மேலேயே இருந்தது. அவுரு பேரு ஏரோப்ளேன்ல போவுது பாரு என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வருஷம் எத்தனையோ ஆகிறது.

அந்த இடத்தில் மை கலங்கியிருக்கும். காசிமேட்டு மீன் வாடையும் இருக்கும். முகம் சுளிக்காதே, அது அவள் விரல். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் உன்னால் கிழிக்க முடியவில்லை என்றால், மக்களே, இருபதாம் தேதி என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே.